மார்பின் விளிம்பு

என் தம்பியின் மார்புச் சுற்றளவு, அவன் இயல்பாக மூச்சை வெளியே விட்டு நிற்கும்போது, 91 சென்டிமீட்டர். பக்கவாட்டில் அகலம் 34, முன்னிருந்து முதுகு வரை ஆழம் 22.5. தையல்கடைகளில் தோளில் தொங்குமே, அந்த மஞ்சள் இஞ்ச் டேப்பைக் கொண்டுதான் சுற்றளவை எடுத்தேன். ஒரு முறை அல்ல, ஐந்து முறை. அதே மார்பைக் கைப்பேசியால் சுற்றி வந்து முப்பரிமாண வடிவமாக எடுத்து, அதே உயரத்தில் கணினியில் வெட்டிப் பார்த்தபோது கிடைத்த சுற்றளவு 92.6. இடையிலுள்ள 1.6 சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது, சட்டை தைப்பவருக்குக்கூடப் பொருட்டில்லாத அந்த வேறுபாடு எனக்கு ஏன் பொருட்டாகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று பல நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்வது ஈ.ஐ.டி. எனப்படும் எலக்ட்ரிக்கல் இம்பிடன்ஸ் டோமோகிராஃபியில். மார்பைச் சுற்றி, நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியின் மட்டத்தில், பொதுவாக 16 எலக்ட்ரோடுகளை ஒரு பட்டையாகக் கட்டுகிறோம். அடுத்தடுத்த இரண்டு எலக்ட்ரோடுகளின் வழியே மிகச் சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, மற்ற எலக்ட்ரோடுகளுக்கு இடையே எழும் மின்னழுத்தங்களை அளக்கிறோம். பிறகு அடுத்த இணைக்கு நகர்ந்து அதையே செய்கிறோம். காற்று நிறைந்த நுரையீரல் மின்சாரத்தை எளிதில் விடாது, இரத்தம் நன்றாக விடும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் அளவுகள் ஏறி இறங்குகின்றன, அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து மார்பின் குறுக்குவெட்டுப் படத்தை ஒரு நொடிக்குப் பல முறை வரைந்துவிட முடிகிறது. எக்ஸ்ரே கதிர் எதுவும் இல்லை. வெண்டிலேட்டரில் இருக்கும் நோயாளியைக் குழாய்களோடும் பம்புகளோடும் சி.டி. அறைக்கு உருட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. நுரையீரலின் எந்தப் பகுதிக்குக் காற்று போகிறது, எந்தப் பகுதி சுருங்கி மூடிக் கிடக்கிறது என்பதைக் கட்டிலருகிலேயே, மூச்சுக்கு மூச்சு பார்க்கலாம் என்பதுதான் இந்த முறையின் பலம்.

கணக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் இதன் வேர் அர்ஜென்டினாவில் இருக்கிறது. ஆல்பெர்த்தோ கால்டெரோன் பெரும் கணித மேதையாக அறியப்படுவதற்கு முன்பு, 1940-களில், அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தார். தரையின் மேற்பரப்பில் மட்டும் மின்சாரத்தைச் செலுத்தி, மேற்பரப்பில் மட்டும் மின்னழுத்தத்தை அளந்து, தரைக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி அங்கேதான் அவருக்குள் எழுந்தது. அதைக் கணிதக் கட்டுரையாக அவர் வெளியிட்டது 1980-இல். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டேவிட் பார்பரும் பிரையன் பிரவுனும் மனித உடலில் இதைச் செய்துகாட்டும் கருவியைக் கட்டினார்கள். இன்றைய கட்டிலருகுக் கருவிகள் அந்தக் கருவியின் வழித்தோன்றல்கள்.

கால்டெரோனின் கேள்வியில் ஒரு முன்நிபந்தனை ஓசையின்றி உட்கார்ந்திருக்கிறது: விளிம்பு எது என்று நமக்குத் தெரியும். உள்ளே இருப்பதுதான் தெரியாதது, எல்லைக்கோடு தெரிந்தது. தாளில் எழுதும்போது இதில் சிக்கல் இல்லை. மருத்துவமனையில் படுத்திருக்கும் மனிதரின் மார்பு என்று வரும்போது, அந்த எல்லைக்கோடுதான் நமக்குத் தெரியாத முதல் விஷயம்.

சி.டி. ஸ்கேனில் கதிர் நேர்க்கோட்டில் போகிறது; அது எந்த வழியாகப் போயிற்று என்பதைக் கருவியின் அமைப்பே சொல்லிவிடும், உடலின் உருவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மின்னோட்டத்துக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. வயலில் பாய்ச்சிய தண்ணீரைப் போல அது எங்கே வழி கிடைக்கிறதோ அங்கெல்லாம் பரவுகிறது. பெரும்பகுதி எலக்ட்ரோடுகளுக்கு அருகில் தோலை ஒட்டியே ஓடிவிடுகிறது, நடுமார்புக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். ஆகவே எலக்ட்ரோடு ஒன்று நாம் நினைக்கும் இடத்திலிருந்து அரை சென்டிமீட்டர் விலகியிருந்தால், அதனால் வரும் மின்னழுத்த மாற்றம், நுரையீரலின் ஆழத்தில் நிகழும் உண்மையான மாற்றத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ ஆகிவிடலாம். 16 எலக்ட்ரோடுகளிலிருந்து ஒரு படத்துக்கு 208 அளவுகள் கிடைக்கின்றன. செலுத்தும் இணையையும் அளக்கும் இணையையும் இடம் மாற்றினால் அதே எண்தான் வரும் என்பதால், அவற்றில் தனித்தன்மை உள்ளவை 104. நூற்றுக்கணக்கான படப்புள்ளிகளை வெறும் 104 எண்களிலிருந்து மீட்க வேண்டிய கணக்கில், வடிவப் பிழையைத் தாங்கிக்கொள்ளும் உபரி எதுவும் இல்லை.

தம்பியின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். ஆரம்பகாலப் படங்கள் பலவும் மார்பை ஒரு வட்டமாக எடுத்துக்கொண்டே கணிக்கப்பட்டன. 91 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டம் 29. அதாவது கணினியின் பார்வையில் அவன் மார்பு உண்மையைவிட ஆறரை சென்டிமீட்டர் ஆழம் கூடியது, 5 சென்டிமீட்டர் ஒடுங்கியது. அக்குளுக்குக் கீழே ஒட்டிய எலக்ட்ரோடு நடுப்புள்ளியிலிருந்து 17 சென்டிமீட்டர் தள்ளியிருக்க, கணக்கு அதை 14.5-இல் வைக்கிறது. அடுத்தடுத்த எலக்ட்ரோடுகளுக்கு இடையே இருப்பதே 5.7 சென்டிமீட்டர்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் பிழையின் அளவு புரியும்.

இதை ஈடுகட்ட வழியே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு கணத்தின் அளவை இன்னொரு கணத்தின் அளவிலிருந்து கழித்து, மாற்றத்தை மட்டும் படமாக்கினால், வடிவப் பிழையின் பெரும்பங்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்து கழிந்துபோகிறது. இன்று மருத்துவமனைகளில் பயன்படும் கருவிகள் இப்படித்தான் இயங்குகின்றன, வட்டத்துக்குப் பதிலாக ஒரு சராசரி மனித மார்பின் வடிவத்தையும் வைத்துக்கொள்ளலாம். காலையில் இருந்ததைவிட மாலையில் காற்றோட்டம் கூடியிருக்கிறதா என்று கேட்டால் இந்த ஏற்பாடு நல்ல பதிலைத் தருகிறது. ஆனால் மருத்துவர் கேட்பது அதை மட்டும் அல்ல. படத்தை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து, உள்ளே போன காற்றில் எவ்வளவு பங்கு முதுகுப் பக்கம் போயிற்று என்று எண்ணாகக் கேட்கிறார். மல்லாந்து படுத்திருப்பவரின் நுரையீரலில் முதலில் மூடிக்கொள்ளும் பகுதி முதுகுப் பக்கம் என்பதால் அது மிக நியாயமான கேள்வி. வெண்டிலேட்டரின் அழுத்தத்தை ஏற்றுவதா இறக்குவதா என்பது அந்த விடையையும் சார்ந்திருக்கலாம். முன்பாதியையும் பின்பாதியையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதை விளிம்பின் வடிவமே தீர்மானிக்கிறது. கிரிக்டோல், ஆட்லர் முதலியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வடிவப் பொருத்தமின்மை படத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தது. அதைப் படித்த பிறகு, ‘சராசரி மார்பு’ என்ற சொல்லை என்னால் நிம்மதியாக எழுத முடியவில்லை. சராசரியிலிருந்து விலகிய உடல்கள்தான் அதற்கான விலையைக் கொடுக்கின்றன: கூன் விழுந்த முதியவர், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்தவர், பருத்த உடல்காரர், மார்பகத்துக்குக் கீழே பட்டையைக் கட்ட வேண்டியிருக்கும் பெண்கள், உள்ளங்கை அகலமே மார்பாக உள்ள பச்சிளங்குழந்தை.

கைப்பேசி இங்கேதான் வருகிறது.

ஆழத்தை அளக்கும் உணரி சட்டைப்பைக்கு வந்தது அண்மையில்தான். 2010-இல் விளையாட்டுக்காக வெளிவந்த கினெக்ட் கருவி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறைக்குள் தூவி, அவை விழுந்த விதத்திலிருந்து தூரத்தைக் கணித்தது. அதற்கு அந்தத் தொழில்நுட்பத்தைத் தந்த ப்ரைம்சென்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை 2013-இல் ஆப்பிள் வாங்கியது. 2017-இன் ஐபோன் எக்ஸில், முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் முன்பக்கக் கேமரா 30,000-க்கு மேற்பட்ட புள்ளிகளைத் தூவிற்று. 2020-இல் ஐபேட் ப்ரோவிலும், பிறகு ஐபோன் 12 ப்ரோவிலும், பின்பக்கத்தில் லைடார் வந்தது. அது ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டு ஐந்து மீட்டர் தூரம் வரை அளக்கும். இவை எதுவும் இல்லாத எளிய ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் வழி உண்டு: ஒரு பொருளைச் சுற்றி நின்று ஐம்பது, அறுபது படங்கள் எடுத்து, ஒரே புள்ளி வெவ்வேறு படங்களில் எங்கெங்கே தெரிகிறது என்பதிலிருந்து அதன் முப்பரிமாண இடத்தைக் கணிக்கும் ஃபோட்டோகிராமெட்ரி.

மூன்றையும் தம்பியின் மேல் முயன்று பார்த்தேன். லைடார் வேகமானது, ஆனால் அதன் ஆழப்படம் 256-க்கு 192 புள்ளிகள் கொண்டதுதான். அறையின் சுவரை அளக்கப் போதுமான அது, விலாவுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மெல்லிய பள்ளத்தை வழித்து மெழுகிவிட்டது. முகக் கேமரா மிகத் துல்லியமானது, ஆனால் முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நெருக்கத்தில் பிடிக்க வேண்டும். திரையும் அதே பக்கம் இருப்பதால், எடுப்பவருக்குத் தான் எதை எடுக்கிறோம் என்பது தெரியாது. திரையை இன்னொரு கருவியில் பிரதிபலித்துப் பார்த்துக்கொண்டே எடுத்தேன். ஃபோட்டோகிராமெட்ரிக்கு வேறு தொல்லை: மனிதத் தோலில் கணினி பிடித்துக்கொள்ளும்படியான அடையாளம் குறைவு. ஒரு சுண்ணாம்புச் சுவரைப் படம் எடுத்தது போல அது தடுமாறுகிறது. ஆகவே கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட சிறு ஒட்டுத்தாள்களை மார்பிலும் முதுகிலும் ஒட்டினேன். அவற்றுக்கு இரண்டு பயன்கள். ஒன்று, படங்களை இணைக்க உதவுகின்றன. மற்றொன்று, அவற்றின் பக்கம் சரியாக 30 மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியும் என்பதால், படங்களால் மட்டும் ஒருபோதும் சொல்ல முடியாத ஒன்றை, அதாவது உண்மையான அளவை, அவை சொல்லிவிடுகின்றன. ஃபோட்டோகிராமெட்ரிக்குப் பொம்மையும் மனிதனும் ஒன்றுதான். அளவுகோலை நாம்தான் உள்ளே வைக்க வேண்டும்.

எடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரைகளில் ஒரே வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில்தான் பிழை குடியிருக்கிறது. மின்விசிறியை நிறுத்திய அறையில், குழல்விளக்கு வெளிச்சத்தில், தம்பி சட்டையில்லாமல் கைகளைத் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு நின்றான். எலக்ட்ரோடு வரப்போகும் 16 இடங்களிலும் சிவப்புப் பொட்டுகள் ஒட்டியிருந்தேன். நான் அவனைச் சுற்றி நடந்தேன்.

“மூச்சை விட்டுட்டு அப்படியே நில்லுடா, அசையாதே.”

“அக்கா, கை கடுக்குது. இன்னும் எவ்வளவு நேரம்?”

நாற்பத்தைந்து நொடிகள். மூச்சை வெளியே விட்ட நிலையில் யாராலும் அவ்வளவு நேரம் எளிதாக நிற்க முடியாது. அவனும் இருபதாவது நொடியில் சிறிதாக மூச்சு வாங்கினான், முப்பதாவது நொடியில் வலது தோள் இறங்கிற்று. நான் கைப்பேசியில் கண் வைத்திருந்ததால் இரண்டையும் கவனிக்கவில்லை. சுற்றி முடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்தபோது, மென்பொருளிடம் வலது விலாவுக்கு இரண்டு தோல்கள் இருந்தன: முதலில் பார்த்தது ஒன்று, கடைசியில் பார்த்தது ஒன்று, இடையே ஒரு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி. ஓட்டைகளை அடைத்து மேற்பரப்பை இழைத்துத் தரும் கட்டத்தில் மென்பொருள் அந்த இரண்டு தோல்களையும் சேர்த்து, நடுவில் ஒரு வழவழப்பான புடைப்பாக்கிவிட்டது. திரையில் பார்க்க அழகாக இருந்தது. மென்பொருள் சரிசெய்து தரும் உருவம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் அதை நம்பக் கூடாது. 1.6 சென்டிமீட்டர் கூடுதலில் பெரும்பங்கு அந்தப் புடைப்பில் இருந்தது. கொஞ்சம், மூச்சு வாங்கியதால் விரிந்த மார்பு.

சுற்றளவில் 1.6 என்பது நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. முழு வடிவமும் ஒரே சீராகப் பெருத்திருந்தால் நான் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டேன், பரப்பளவில் மூன்றரை சதவீதம் கூடும், அவ்வளவுதான். இங்கே பிழை முழுவதும் ஒரே பக்கத்தில், இரண்டு எலக்ட்ரோடுகளின் கீழே, குவிந்திருந்தது. அந்த வடிவத்தை வைத்துக் கணித்த படத்தில் வலது நுரையீரலின் ஓரத்தில் ஒரு கறை தெரிந்தது. அது வடிவத்திலிருந்து பிறந்த கறை என்பதை உணர எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அந்த இரண்டு நாட்களில் அதற்கு உடற்கூறியல் விளக்கங்கூடத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு நோயாளியின் படமாக இருந்து, அந்தக் கறைக்கு ஒரு மருத்துவர் பெயர் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். ஒரே சுற்றாக எடுப்பதை விட்டுவிட்டு, பத்துப் பத்து நொடிகளாக நான்கு துண்டுகள் எடுத்தேன். ஒவ்வொரு துண்டும் ஒரே மூச்சு நிலையில், இடையே ஓய்வு, கை வைக்க ஒரு கதவுச் சட்டம். துண்டுகளை ஒட்டுத்தாள்களைக் கொண்டு பொருத்தினேன். மேற்பரப்பை இழைக்கும் முன்பு, அடைக்கப்படாத ஓட்டைகளோடும் பிசிறுகளோடும் கூடிய புள்ளித்திரளையே குறுக்காக வெட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அங்கே இரட்டைத் தோல் இருந்தால் இரட்டைக் கோடாகத் தெரிந்துவிடும். இப்போது சுற்றளவு 91.4 வந்தது. இஞ்ச் டேப்பும் தோலைக் கொஞ்சம் அழுத்தித்தான் அளக்கிறது என்பதால், இந்த 0.4-ஐ யார் கணக்கில் எழுதுவது என்று நான் சண்டை பிடிக்கவில்லை.

அந்தக் கோடு கிடைத்த பிறகு நடப்பவை பெரும்பாலும் மென்பொருளின் வேலை. விளிம்பை மேலும் கீழும் சில சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடித்த துண்டாக எடுத்து, நெட்ஜென் என்ற மென்பொருள் அதைப் பல்லாயிரம் சிறு நான்முகிகளாகப் பிரித்துத் தருகிறது. சிவப்புப் பொட்டுகளின் இடங்கள் எலக்ட்ரோடுகளாகின்றன. ஆட்லரும் லயன்ஹார்ட்டும் 2006-இல் தங்கள் கட்டுரையில் விவரித்த எய்டோர்ஸ் என்ற திறந்த மென்பொருள், அந்த வடிவத்தில் மின்னோட்டம் எப்படிப் பரவும் என்று முன்கூட்டிக் கணித்து, உண்மையான அளவுகளிலிருந்து படத்தை மீட்கிறது. யாரும் விலையின்றி இறக்கிப் பயன்படுத்தலாம். இத்துறைக்கு இவர்கள் செய்த நன்மைகளில் இது பெரியது என்று நினைக்கிறேன், ஏனென்றால் வசதி குறைந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் இருப்பவரும் அதே கருவியோடு அதே கேள்வியைக் கேட்க முடிகிறது.

சரி, கைப்பேசி தந்த விளிம்பு உண்மையில் படத்தைத் திருத்துகிறதா? உயிருள்ள மார்பில் இதற்கு நேரடியாக விடை சொல்வது கடினம், உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்கே தெரியாதே. அதனால் தம்பியின் மார்பு வடிவத்திலேயே ஒரு தொட்டி செய்தோம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் உள்ள முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் 34 சென்டிமீட்டர் ஒரே துண்டாக அடங்காது என்பதால் நான்கு துண்டுகளாக அச்சிட்டு, சிலிகான் பசையால் ஒட்டி, எலக்ட்ரோடுகளுக்குப் பதினாறு எவர்சில்வர் போல்ட்டுகளைத் திருகினோம். உள்ளே உப்புநீர். நுரையீரலுக்குக் கடல்பாசி, அதாவது வீடுகளில் நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி வில்லை போடும் அதே கடல்பாசி. உப்பைக் குறைத்துக் காய்ச்சி, நுரையீரல் வடிவ அச்சில் ஊற்றி உறைய வைத்தால், சுற்றியுள்ள உப்புநீரைவிட மின்சாரத்தைக் குறைவாக விடும் இரண்டு வெண்ணிறக் கட்டிகள் கிடைக்கும். இதயத்துக்கு உப்பைக் கூட்டிய சிறிய கட்டி. தொட்டிக்குள் அவற்றை எங்கே வைத்தோம் என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும், ஆகவே படம் பொய் சொன்னால் பிடித்துவிடலாம்.

ஒரே அளவுகளை மூன்று விளிம்புகளில் கணித்துப் பார்த்தேன். வட்டத்தில், இரண்டு நுரையீரல்களும் நடுவை நோக்கி நெருக்கப்பட்டு, முன்னும் பின்னுமாக நீண்டு, இதயத்தின் மேல் ஏறிக்கொண்டன. சராசரி மார்பு வடிவத்தில் இரண்டும் பிரிந்து நின்றன, ஆனால் என் தம்பிக்கு முதுகுப் பக்கம் இருக்கும் தட்டையை அந்தச் சராசரி அறியாததால், பின்விளிம்பை ஒட்டி இரண்டு பொய்க்கறைகள். கைப்பேசி விளிம்பில் அந்தக் கறைகள் மங்கின, கட்டிகள் ஏறக்குறைய நாங்கள் வைத்த இடத்திலேயே தெரிந்தன. ஓரங்கள் அப்போதும் மங்கலாகத்தான் இருந்தன. 104 எண்களிலிருந்து கூர்மையான ஓரத்தை எந்த விளிம்பாலும் வரவழைக்க முடியாது. இடம் சரியாக வந்தது. முன்பாதி பின்பாதிக் கேள்விக்குத் தேவையானது அந்த இடம்தான்.

இவ்வளவும் நிற்கும் மனிதருக்கு. ஈ.ஐ.டி. தேவைப்படுபவர் நிற்பதில்லை. அவர் மல்லாந்து படுத்திருக்கிறார். முதுகு மெத்தையில் புதைந்திருக்கிறது. பட்டையின் பாதி கண்ணுக்குத் தெரியாது. மார்பின் மேல் ஈ.சி.ஜி. ஒயர்கள், கழுத்தில் ஊசிக்குழாய், வாயிலிருந்து வெண்டிலேட்டர் குழாய். அவரைச் சுற்றி நடக்க ஒரு முழு வட்டம் இல்லை, அரைவட்டம் கிடைத்தாலே அதிகம். கைப்பேசியால் நோயாளியின் வடிவத்தை எடுத்துவிட்டோம் என்று மகிழ்ச்சியோடு அறிவிக்கும் செய்முறைக் காட்சிகளில் நிற்கும் மாணவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன், நானும் அதையேதான் முதலில் செய்தேன். உண்மையான சோதனை கட்டிலில்தான் இருக்கிறது.

தம்பியைக் கட்டிலில் படுக்க வைத்து மீண்டும் எடுத்தபோது, மார்பின் ஆழம் ஒரு சென்டிமீட்டர் குறைந்து 21.5 ஆயிற்று, அகலம் சற்றுக் கூடிற்று. ஆக, நிற்கும்போது எடுத்த நல்ல விளிம்புகூடப் படுத்திருப்பவருக்குச் சரியானதல்ல. இதே எச்சரிக்கை பழைய சி.டி. படத்திலிருந்து விளிம்பை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கும் பொருந்தும்: மார்பு சி.டி. பொதுவாகக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திய நிலையில் எடுக்கப்படுவது, ஈ.ஐ.டி. எடுக்கும்போது கைகள் பக்கத்தில் கிடக்கின்றன, மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரியாத முதுகுக்கு நான் இப்போது பின்பற்றும் வழி பழையதும் புதியதும் கலந்தது. பட்டையை நோயாளிக்கு அடியில் எப்படியும் நுழைக்கத்தான் போகிறார்கள். அதோடு இஞ்ச் டேப்பையும் நுழைத்தால் சுற்றளவு கிடைத்துவிடும். தம்பிக்கு அது படுத்த நிலையில் 90.5. முன்பக்கத்தையும் இரு விலாப்பக்கங்களையும், மெத்தையைத் தொடும் இடம் வரை, கைப்பேசி பார்த்துவிடுகிறது. அந்த வில்லின் நீளம் 60. மீதி 30.5 சென்டிமீட்டர் மெத்தைக்குள் மறைந்திருக்கிறது. மெத்தையின் தளமும் கைப்பேசியின் படத்திலேயே விழுந்திருப்பதால், மறைந்த கோடு எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பது தெரியும், அதன் நீளம் தெரியும், அதன் இரு முனைகள் தெரியும். நடுவில் முதுகெலும்பின் பள்ளத்தை மட்டும் நாமாக ஊகித்துச் சேர்க்கிறோம். பட்டையில் எலக்ட்ரோடுகள் சம இடைவெளியில் இருப்பதால், முன்பக்கம் தெரியும் எலக்ட்ரோடுகளிலிருந்து எண்ணிக்கொண்டே போய், தெரியாதவற்றையும் கோட்டின் மேல் வைத்துவிடலாம். காற்று மெத்தையாக இருந்தால் இந்தக் கணக்கு ஆட்டம் காண்கிறது, அது உடலைச் சுற்றி மேலேறி வருவதால் கைப்பேசிக்குத் தெரியும் வில்லே குறைந்துபோகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் படுக்கைப்புண் வராமலிருக்கப் போடும் மெத்தைகள் பெரும்பாலும் அந்த வகை.

கைப்பேசி பார்ப்பது தோலை மட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரு சென்டிமீட்டரா நான்கா, உதரவிதானம் எந்த உயரத்தில் நிற்கிறது, இதயம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பவை அதற்குத் தெரியாது. கொழுப்பு மின்சாரத்தைக் குறைவாக விடும் பொருள் என்பதால் அது படத்தில் நேரடியாகத் தலையிடுகிறது. வேறொருவரின் சி.டி.யிலிருந்து எடுத்த உள்ளுறுப்புகளை இந்த விளிம்புக்குள் பொருந்தும்படி இழுத்து நீட்டி நிரப்பும் முறைகள் உண்டு. நான் அதைத் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். வெளியே அவருடைய சொந்தத் தோல், உள்ளே இன்னொருவரின் உறுப்புகள் என்றான ஒரு மாதிரியை ‘நோயாளிக்கே உரிய மாதிரி’ என்று அழைப்பது, தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே நிறத்தில் வண்ணம் பூசுவதாகும். விளிம்பு அளந்தது, உள்ளே எடுத்துக்கொண்டது என்று படத்தின் கீழேயே எழுதி வைக்கலாம்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. நான் முயன்ற செயலிகளில் சில, படங்களைத் தொலைவிலுள்ள தங்கள் கணினிக்கு அனுப்பி அங்கேதான் வடிவத்தைக் கட்டுகின்றன. மயக்க நிலையில் இருக்கும் ஒரு பெண்ணின் திறந்த மார்பு, அவர் அறியாமல், எங்கோ உள்ள கிடங்கில் போய் உட்காரும் என்பதே இதன் பொருள். 2023-இல் இந்தியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதை ஏற்க முடியாது. படம் கைப்பேசியை விட்டு வெளியேறாத செயலியை மட்டுமே பயன்படுத்துவது, விளிம்புக் கோட்டின் எண்களை எடுத்தவுடன் நிறப்படங்களை அழித்துவிடுவது, பட்டைக்கு மேலே மெல்லிய, உடலை ஒட்டிய துணியைப் போர்த்தியே எடுக்க முடியுமா என்று சோதிப்பது என்று மூன்று விதிகளை எங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மூன்றாவதில் முதல் முயற்சிகள் நம்பிக்கை தருகின்றன. துணி தோலிலிருந்து விலகி நிற்கும் இடம் மார்பெலும்பின் பள்ளமும் மார்பகங்களுக்குக் கீழேயுள்ள மடிப்பும்தான். மற்ற இடங்களில் துணியின் தடிமனைக் கழித்துவிட்டால் போதுமானதாக இருக்கிறது. துணியில் அச்சிட்ட பூவேலைப்பாடு ஃபோட்டோகிராமெட்ரிக்கு வெறுந்தோலைவிட நன்றாகவே பிடிகொடுக்கிறது என்பது நான் எதிர்பார்க்காத நன்மை.

அடுத்த தொட்டிக்கு அம்மாவின் வடிவம். அறுபத்தெட்டு வயது, முதுகில் வளைவு, இடது தோள் வலதைவிடத் தாழ்வு. கட்டிலில் படுத்து, தன்னுடைய பூப்போட்ட பருத்தித் துணியையே போர்த்திக்கொண்டு, இரண்டு முறை பத்துப் பத்து நொடிகள் பொறுமையாக இருந்தார். சராசரி மார்பு வடிவத்தின் மேல் அந்தக் கோட்டை வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் இரண்டு எலக்ட்ரோடுகள் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் வெளியே நிற்கின்றன. அச்சு இயந்திரத்தில் முதல் துண்டு இன்று காலை ஏறியிருக்கிறது.